லேண்ட்லைனை ஒப்படைக்கும் முன்: கடலோர வீட்டுக்கு இணையப் போன்

லேண்ட்லைனை எடுத்துவிட்டு இணையப் போனுக்கு, அதாவது இணைய இணைப்பு வழியாகப் பேசும் போனுக்கு, மாறலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். தாராளமாக மாறலாம். ஆனால் புதுப் போன் ஒரு முழுநாள் கரண்ட் கட்டையும் ஒரு நல்ல மழையையும் தாண்டிய பிறகே பழையதை ஒப்படையுங்கள். அதுவரை இரண்டும் வீட்டில் இருக்கட்டும். வாடகை கொஞ்சம் கூடுதலாகப் போகும், பரவாயில்லை.

கீழக்கரையில் எஸ்டிடி பூத் நடத்தியவன் நான். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒருவர் அபுதாபிக்குப் பேசிக்கொண்டிருப்பார், வெளியே கட்டணம் குறையும் நேரத்துக்காக ஒரு கூட்டம் காத்திருக்கும். அந்தக் காலம் போன பிறகு இன்டர்காம், கேமரா, வயரிங் என்று போய், இப்போது ஃபைபர் இணைப்பும் அதில் போன் வைத்துக் கொடுப்பதும் என் வேலை. ஏர்வாடி, பெரியபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் வரை கூப்பிடுகிறார்கள். கூப்பிடுவது பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள். போன் தேவைப்படுவது இங்கே தனியாக இருக்கும் உம்மாவுக்கு, அல்லது வயதான அப்பாவுக்கு. டச் போனுக்குச் சார்ஜ் போட அவர்கள் மறந்துபோவார்கள். வாட்ஸ்அப் அழைப்பு வந்தால் எந்தப் பக்கம் தள்ளுவது என்று தடுமாறுவார்கள். மணி அடித்தால் எடுத்துக் காதில் வைக்கிற மாதிரி, எப்போதும் ஒரே இடத்தில் இருக்கிற மாதிரி ஒரு போன் அவர்களுக்கு வேண்டும். இணையப் போனிலும் அது முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வீட்டில் இருக்கும் பழைய பீட்டல் போனையே புது இணைப்பில் மாட்டலாம்.

பழைய கம்பி செய்த வேலை

தாமிரக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் எப்போதும் வந்துகொண்டிருக்கும். அங்கே பேட்டரி வரிசை இருக்கும், அதற்குப் பின்னால் ஜெனரேட்டர் இருக்கும். ஊரே இருட்டில் கிடந்தாலும் லேண்ட்லைன் அடித்தது அதனால்தான். ஃபைபரில் வருவது ஒளி மட்டும். கண்ணாடி இழை மின்சாரம் கொண்டுவராது. இனி போனுக்கு உயிர் கொடுப்பது உங்கள் வீட்டுச் சுவரில் உள்ள பிளக். மாற நினைப்பவர்கள் முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

மற்றபடி, தாமிரக் கம்பியும் நம் கடற்கரையும் ஒன்றுக்கொன்று சேராதவை. உப்புக்காற்றில், தெருவில் வீடுகளுக்குக் கம்பி பிரியும் டிபி பாக்ஸுக்குள் ஜாயின்ட் பச்சை பிடித்துவிடும். ஐப்பசி மழை தொடங்கினால் லைனில் கரகரவென்று சத்தம், இரண்டு மழைக்குப் பிறகு போன் ஊமை. இடி இறங்கினால் அந்தக் கம்பி வழியாகவே வீட்டுக்குள் வந்து போனைக் கருக்கும். ஒளி இழைக்குத் துருவும் கிடையாது, அது இடியைக் கடத்துவதும் கிடையாது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கும் ஃபைபர் வயரில் தாங்குவதற்காக ஒரு இரும்புக் கம்பி சேர்ந்தே வரும். அந்தக் கம்பியை வெளிச்சுவரில் கொக்கியோடு பிரித்து நிறுத்திவிட்டு, இழையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். அவசரத்தில் அப்படியே உள்ளே இழுத்து விடுகிறார்கள்.

யாருக்கு எது

வீட்டுக்கு ஃபைபர் வருமானால், மோடத்தோடு சேர்ந்த போன்தான் முதல் தேர்வு. பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல் எல்லாரும் ஃபைபர் இணைப்போடு ஒரு லேண்ட்லைன் எண் தருகிறார்கள். ஏற்கெனவே பிஎஸ்என்எல் தாமிர இணைப்பு வைத்திருப்பவர்கள் அதே நிறுவனத்தின் ஃபைபருக்கு மாறும்போது பழைய எண்ணையே தரச் சொல்லிக் கேளுங்கள். விண்ணப்பத்திலேயே அதை எழுதிக் கொடுங்கள். புது எண் ஒதுக்கிய பிறகு கேட்டால் வேலை இழுக்கும். வேறு நிறுவனத்துக்குப் போனால் எண் மாறிவிடும். செல்போன் எண்ணை வைத்துக்கொண்டு நிறுவனம் மாறுவதுபோல் லேண்ட்லைன் எண்ணை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு நம் நாட்டில் இல்லை. 04567-இல் தொடங்கும் எண்ணைப் பல வருடமாக ஊர் முழுக்கக் கொடுத்து வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நிக்காஹ் பத்திரிகையிலிருந்து வங்கிப் புத்தகம் வரை அந்த எண்தான் இருக்கும்.

கடைக்கும் லாட்ஜுக்கும் வேறு வழி இருக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனத்திடம் எஸ்ஐபி கணக்கு (இணையம் வழியாகப் பேசும் போன் கணக்கு) ஒன்று வாங்கி, அதை அடாப்டர் என்கிற சின்னப் பெட்டியில் ஏற்றி, சாதாரணப் போனை அதில் மாட்டுவது. அல்லது நேராக லேன் வயரில் (இணையம் வரும் வயரில்) மாட்டும் ஐபி போன் வாங்குவது. ராமேசுவரத்தில் அறைக்கு அறை போன் வைத்திருக்கும் விடுதிகளுக்கு இது நல்ல லாபம். கேமராவுக்கு இழுத்த லேன் வயரிங்கிலேயே இன்டர்காமும் ஓடும். இன்டர்காமுக்கென்று தனி எக்ஸ்சேஞ்ச் பெட்டியைச் சுவரில் வைத்து உப்பில் ஊறவிட வேண்டாம்.

மூன்றாவது, வைஃபை காலிங். இதற்குக் காசு செலவே இல்லை. கீழக்கரையின் பழைய வீடுகளில் காரைச் சுவர் தடிமனாக இருக்கும். உள்கட்டுக்குப் போனால் சிக்னல் செத்துவிடும், பேச வேண்டுமென்றால் முற்றத்துக்கு ஓடி வர வேண்டும். செல்போன் செட்டிங்கில் சிம் பகுதிக்குள் வைஃபை காலிங் என்று இருப்பதை இயக்கிவிட்டால், டவர் எட்டாத இடத்திலும் வீட்டு வைஃபை வழியாகச் சாதாரண அழைப்பே வரும், போகும். ஆப் எதுவும் தேவையில்லை, எண் அதே எண். உங்கள் போன் மாடலும் சிம் நிறுவனமும் இரண்டுமே இதற்கு இடம் கொடுக்க வேண்டும். பாம்பன், ராமேசுவரம், தனுஷ்கோடிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. தலைமன்னார் கடல் தாண்டி 30 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. நம் டவர் மங்கும் இடத்தில் செல்போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள். நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியில் விடாமல் உங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே நிறுத்துங்கள்; வீட்டுக்குள் அழைப்பு வைஃபை வழியாகவே வரும்.

ஃபைபரே வராத குப்பத்துக்கு, சிம் போடும் மேசைப் போன் இருக்கிறது. பார்க்க லேண்ட்லைன் மாதிரியே இருக்கும், உள்ளே பேட்டரி உண்டு. இது இணையப் போன் வகையில் சேராது என்றாலும் வயதானவர்களுக்குக் கை கொடுக்கும்.

இனி நான் சொல்லப்போவது பெரும்பாலும் முதல் வழியைப் பற்றி.

இணைப்புக்குப் பணம் கட்டும் முன்

தருகிற மோடத்தில் போன் போர்ட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். விலை குறைந்த மோடங்களில் அது இருக்காது. நீங்களே வெளியில் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால், பின்பக்கம் டெல் அல்லது போன் என்று எழுதிய சின்ன ஓட்டை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை, அதுதான் முக்கியமானது. "உங்கள் ஓஎல்டி எங்கே இருக்கிறது? அங்கே பேட்டரியும் ஜெனரேட்டரும் உண்டா?" ஓஎல்டி என்பது உங்கள் தெரு ஃபைபர் எல்லாம் போய்ச் சேரும் பெட்டி. நல்ல முறையில் போட்ட ஃபைபரில், ஓஎல்டிக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே எங்கேயும் கரண்ட் தேவைப்படாது. வழியில் ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வெறும் கண்ணாடிதான். ஆகவே அந்த முனையில் கரண்ட் இருந்து, இந்த முனையில் உங்கள் மோடத்துக்கும் கரண்ட் இருந்தால், நடுவில் ஊர் முழுக்க இருட்டாக இருந்தாலும் போன் பேசும். சில இடங்களில் தெருவுக்குத் தெரு கம்பத்தில் ஸ்விட்ச் பெட்டி வைத்து, அதற்குப் பக்கத்து வீட்டிலிருந்து கரண்ட் எடுத்திருப்பார்கள். அந்த வீட்டில் கரண்ட் போனால் உங்கள் போனும் போகும். அப்படிப்பட்ட இணைப்பில் படம் பார்க்கலாம், லேண்ட்லைனுக்கு மாற்றாக அதை நம்ப முடியாது.

மாட்டும் நாள்

மோடத்தை எங்கே வைப்பது என்பதை வேலைக்கு வருபவர் முடிவு செய்ய விடாதீர்கள். அவருக்கு எது பக்கமோ அங்கே வைத்துவிட்டுப் போவார். நெஞ்சு உயரத்துக்குக் கீழே வேண்டாம். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பாம்பனிலும் மண்டபத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த மாதிரி நாளில்தான் போன் தேவைப்படும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராகவும் வேண்டாம். ஃபைபருக்குத் துரு இல்லை, ஆனால் மோடத்தின் பின்னால் இருக்கும் உலோக முனைகளுக்கு அரிப்பு உண்டு. மோடத்தின் கரண்ட் அடாப்டர் முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். இரும்பு பீரோவுக்குள்ளோ அதன் பின்னாலோ வைத்தால் வைஃபை வெளியே வராது.

ஃபைபர் வயரை மூலையில் மடக்கி ஆணி அடிக்கக் கூடாது. டீ கிளாஸ் வாய் அளவுக்காவது வளைவு இருக்க வேண்டும். அதைவிட இறுக்கினால் ஒளி கசிந்து சிக்னல் குறையும்.

முடிந்ததும், ஒளியை அளக்கும் மீட்டரில் என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். மைனஸ் கணக்கில் ஒரு எண் சொல்வார்கள், அலகு டிபிஎம். மைனஸ் 15-க்கும் மைனஸ் 24-க்கும் நடுவே இருந்தால் நிம்மதி. மைனஸ் 27 என்பது எல்லை. அதைத் தாண்டினால் இன்று ஓடும், நாளை நிற்கும். அந்த எண்ணையும் தேதியையும் மோடத்தின் அடியில் பேனாவால் எழுதி வையுங்கள். பின்னால் கோளாறு வந்தால், முன்பு 19 இருந்தது இப்போது 26 ஆகிவிட்டது என்று உங்களால் சொல்ல முடியும். அப்படிப் பேசுகிறவரின் புகாரை யாரும் தட்டிக் கழிக்க மாட்டார்கள்.

பிறகு போன். போன் வயரின் முனை சின்னது, லேன் ஓட்டை பெரியது. சின்னதைப் பெரியதில் சொருகினால் உள்ளே போய்விடும், ஆனால் பேசாது, பின்னும் வளையும். டெல் என்று எழுதிய இடத்தில்தான் மாட்ட வேண்டும். மாட்டியதும் டெல் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் உங்கள் எண் இன்னும் அவர்கள் பக்கம் ஏற்றப்படவில்லை என்று அர்த்தம். உங்கள் போனில் கோளாறு இல்லை, நீங்கள் செய்யக்கூடியதும் எதுவும் இல்லை. வேலைக்கு வந்தவர் வாசலைத் தாண்டும் முன் அவரையே போன் போட்டுச் சரி செய்யச் சொல்லுங்கள். சுழற்றி டயல் செய்யும் பழைய வட்டப் போன் வைத்திருப்பவர்களால் பல மோடங்களில் அதில் டயல் செய்ய முடியாது. பட்டன் போன் வேண்டும்.

ரிசீவரை எடுத்தால் டயல் டோன் வருகிறதா, செல்போனுக்குப் போகிறதா, அங்கிருந்து வருகிறதா, யார் கூப்பிடுகிறார் என்று எண் தெரிகிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குக் கூப்பிட முன்னால் பூஜ்யம் போட வேண்டும். ஃபைபர் போனுக்கும் அது பொருந்தும். போனுக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் பிள்ளைகளின் எண்ணைப் பூஜ்யத்தோடு சேர்த்தே எழுதி ஒட்டுங்கள். உள்ளூர் லேண்ட்லைனுக்கு எஸ்டிடி கோடு போட்டும் போடாமலும் ஒவ்வொரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். எது போகிறதோ அதையும் ஒட்டுங்கள். கடைசியாக, மோடத்தை அணைத்துப் போட்டு, டயல் டோன் திரும்ப வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள். சில நிமிடம் பிடிக்கும். கரண்ட் வந்த உடனே எடுத்துப் பார்த்துவிட்டு போன் செத்துவிட்டது என்று பெரியவர்கள் பயந்துபோகாதபடி இதைச் சொல்லி வையுங்கள்.

வீட்டுக்குள் பழைய எக்ஸ்டென்ஷன் வயர் மாடிக்கும் அடுப்படிக்கும் போயிருக்கும். மோடத்தின் டெல் போர்ட்டிலிருந்து அந்த வயரிங்கிற்கே கொடுத்து எல்லா இடத்திலும் மணி அடிக்க வைக்கலாம். ஆனால் அதற்கு முன், வெளியிலிருந்து வரும் பழைய தாமிர லைனை அந்த வயரிங்கிலிருந்து முழுசாகக் கழற்றிவிட வேண்டும். எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட்டும், மணி அடிக்க அது அனுப்பும் 75 வோல்ட்டும் மோடத்தின் போர்ட்டில் ஏறினால் போர்ட் போய்விடும். இரண்டு மூன்று போனுக்கு மேல் ஒரே போர்ட்டில் தொங்கவிடாதீர்கள், மணி மெலிந்துவிடும்.

கரண்ட்

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். மோடம் சொருகியிருக்கும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா? நான் போகும் வீடுகளில் பாதிக்கு மேல் இருப்பதில்லை. ஃபேனும் லைட்டும் ஓடும், மோடம் அணைந்து கிடக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பிளக்கை மாற்றிவிட்டால் போதும், வேறு எதுவும் வாங்க வேண்டாம். மோடம் தின்பது பெரும்பாலும் 10 வாட்டுக்குள்தான்.

இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்குக் கணக்கு போட்டு வாங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று அறிவிக்கும் நாளில் காலை 9 மணிக்குப் போனால் சாயங்காலம் வரை கரண்ட் வராது. 8 மணி நேரம் என்று வையுங்கள். 8 வாட் மோடத்துக்கு 64 வாட்-மணி வேண்டும். மோடத்துக்கென்று விற்கும் மினி யுபிஎஸ் பெட்டியில் 8,800 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள்; அது 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, பெருக்கினால் 32 வாட்-மணிதான். இழப்பு போக மூன்று மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அன்றாடக் கட்டுக்கு அது போதும், முழுநாள் ஷட்டவுனுக்கும் புயலுக்கும் போதாது. 12 வோல்ட் 12 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி வைத்தால் ஒரு பகல் முழுக்க ஓடி இன்னும் மிச்சம் இருக்கும். படகுக்கு வைத்திருக்கும் 12 வோல்ட் பேட்டரியைக் கரையில் கொடுக்கலாமா என்று பாம்பனில் கேட்டார்கள். கொடுக்கலாம், ஆனால் நேராகக் கொடுக்காதீர்கள். முழுச் சார்ஜில் அது 12 வோல்ட்டைத் தாண்டும். நடுவே 12 வோல்ட்டில் நிறுத்தும் ரெகுலேட்டர் ஒன்று போடுங்கள். எதை வாங்கினாலும் உங்கள் மோடத்தின் கரண்ட் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்த வேண்டும்.

கார்ட்லெஸ் போனின் அடித்தட்டுக்கும் கரண்ட் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். வயர் வைத்த சாதாரணப் போன் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

வளைகுடாவிலிருந்து வரும் அழைப்பு

எங்கள் ஊருக்கு இதுதான் பெரிய விஷயம். துபாய், அபுதாபி, ஷார்ஜாவில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம். பேச முடியாது, தடுத்திருக்கிறார்கள். அங்கே அரசு அனுமதித்த பாட்டிம் போன்ற ஆப்கள் வழியாகத்தான் பேச வேண்டும். சவுதியில் 2017 செப்டம்பரில் இணைய அழைப்புத் தடையைத் தளர்த்தினார்கள். மலேசியாவிலிருந்து பேசச் சிக்கலே இல்லை. ஸ்கைப்பில் காசு போட்டு ஊர் லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டவர்கள் நிறைய இருந்தார்கள். அது 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது.

இணையத்தில் இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் போட்டுப் பேசலாம் என்று யாராவது சொன்னால் அமீரகத்தில் இருக்கும் தம்பிகள் கேட்க வேண்டாம். குற்றத்துக்காக ஐபி முகவரியை மறைத்தால் அங்கே அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது. ஒரு குடும்பத்தின் பல வருட உழைப்பு அது.

மகன் அங்கிருந்து கூப்பிடுவதற்கு இங்கே ஒரு லேண்ட்லைன் எண் இருப்பது நல்லது. உம்மாவின் செல்போன் அணைந்திருந்தாலும் வீட்டில் மணி அடிக்கும். இங்கிருந்து அங்கே கூப்பிடுவது வேறு கதை. திட்டத்தில் அழைப்பு இலவசம் என்று போட்டிருப்பது உள்நாட்டுக்கு மட்டும். வெளிநாட்டுக்குக் கூப்பிடும் ஐஎஸ்டி வசதி தேவை இல்லை என்றால் பூட்டியே வைக்கச் சொல்லுங்கள். தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடுவார்கள்; திரும்பக் கூப்பிட்டால் பில் ஏறும். வயதானவர்கள் மகனாக இருக்குமோ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நேர வித்தியாசத்தையும் அதே தாளில் எழுதி ஒட்டுங்கள்: துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவுதி இரண்டரை மணி நேரம் பின்னால், மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால்.

குரல் உடைந்தால்

வேகம் போதவில்லை என்று பெரிய திட்டத்துக்கு மாறாதீர்கள். ஒரு அழைப்புக்கு ஒரு பக்கத்துக்கு 100 கிலோபிட் கூடத் தேவையில்லை. 30 மெகாபிட் இணைப்பில் அது தூசு. குரல் உடைவது தாமதத்தாலும், அந்தத் தாமதம் ஏறி இறங்குவதாலும்தான். ஒரு பக்கம் 150 மில்லிசெகண்டுக்குள் குரல் போய்ச் சேர்ந்தால் பேச்சு இயல்பாக இருக்கும். அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வீர்கள். மோடத்தின் டெல் போர்ட்டில் மாட்டிய போனில் இது அபூர்வம். பெரும்பாலும் நிறுவனம் குரலுக்குத் தனிப் பாதை ஒதுக்கியிருக்கும். அதிலேயே உடைந்தால் ஒளி சிக்னலைப் பாருங்கள், எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் இழை எங்கோ அறுந்திருக்கிறது. மோடத்தை நூறு தடவை அணைத்துப் போட்டாலும் வராது.

ஆப்பில் பேசும்போது உடைந்தால், வீட்டில் வேறு யாராவது பெரிய கோப்பு ஏற்றுகிறார்களா, கேமரா பதிவு மேலே போய்க்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். எஸ்ஐபி அடாப்டர் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு வரும் வழக்கமான நோய், ஒரு பக்கம் மட்டும் கேட்பது. ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒரு அமைப்பு இருக்கும். அதை அணைத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். அடாப்டரை வைஃபையில் விடாமல் வயரில் மாட்டுங்கள்.

அவசரத்துக்கு

வாட்ஸ்அப்பிலிருந்து 112-க்கோ 108-க்கோ போக முடியாது. மற்ற ஆப் எண்களிலும் போகும் என்று நம்பி இருக்காதீர்கள். சிம் போட்ட ஒரு பட்டன் போன் சார்ஜோடு வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும். நல்ல ஃபைபர் போன் இருந்தாலும் இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் அதையும் பேட்டரியையும் முதல் நாளே நிறைத்து வையுங்கள். 2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பனை நெருங்கிய மாதிரி நாளில் ஃபைபர் கம்பத்தோடு சாயலாம். டவர் தன் பேட்டரியில் கொஞ்ச நேரம் தாங்கும், அல்லது டவர் போய் ஃபைபர் நிற்கும். இரண்டு வழியும் இருப்பவர்களுக்குத்தான் செய்தி கிடைக்கும்.

கடலுக்குப் போகும் வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இணையப் போன் கரைக்குத்தான். கரையை விட்டுச் சில மைல் போனால் செல்போனும் இல்லை, வைஃபை காலிங்கும் இல்லை; அங்கே விஎச்எஃப் ரேடியோவின் 16-ஆம் சேனல்தான். ஆனால் படகு திரும்பவில்லை என்றால் கரையில் இருப்பவர் கூப்பிட வேண்டிய எண்கள் இரண்டு: கடலோரக் காவல் படை 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. சுவரில் ஒட்டும் தாளில் இவற்றை எல்லாவற்றுக்கும் மேலே எழுதுங்கள்.

வீட்டில் பெட்டி வைக்கச் சொல்பவர்கள்

வீட்டின் ஒரு மூலையில் சின்னப் பெட்டி வைத்துக்கொள்கிறோம், உங்கள் ஃபைபரில் மாட்டுகிறோம், மாதம் வாடகை தருகிறோம் என்று யாராவது வந்தால் உடனே வெளியே அனுப்புங்கள். வரிசையாக சிம் சொருகிய அந்தப் பெட்டி வெளிநாட்டு அழைப்பைத் திருட்டுத்தனமாக உள்ளூர் அழைப்பாக மாற்றுவது. ஏமாற்று அழைப்புகள் அந்த வழியாகவும் வருகின்றன. அனுமதி இல்லாமல் தொலைத்தொடர்புச் சேவை நடத்தினால் 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் முதலில் வருவது பெட்டி இருக்கும் வீட்டுக்கு. தனியாக இருக்கும் பெரியவர்களிடம்தான் இப்படிக் கேட்பார்கள், ஆகவே வெளிநாட்டில் இருப்பவர்கள் அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

பழையதை ஒப்படைக்கும் நாள்

புதுப் போன் ஷட்டவுனையும் மழையையும் தாண்டிவிட்டதா? சரி. எண் மாறியிருந்தால் வங்கி, கேஸ், ஜமாஅத் அல்லது பங்கு அலுவலகம், மருத்துவர், வெளிநாட்டுச் சொந்தம் எல்லாருக்கும் புது எண்ணைக் கொடுங்கள். இரண்டு போனும் ஓடும் காலத்தில் பழைய எண்ணுக்கு யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வந்தால், யாருக்குச் சொல்ல விட்டுப்போனது என்று தானே தெரிந்துவிடும்.

கடைசி பில்லைக் கட்டி, இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்தோடு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். பெயர் இறந்துபோன வாப்பா பெயரிலேயே இருக்கும் வீடுகள் நிறைய. அங்கே இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேட்பார்கள், முன்கூட்டியே எடுத்து வையுங்கள். இணைப்பு வாங்கியபோது கட்டிய டெபாசிட் திரும்ப வரும். பழைய ரசீது இருந்தால் அதை இணைத்து, வங்கிக் கணக்கு விவரத்தையும் கொடுத்து, விண்ணப்பத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இணைப்பு அறுந்த பிறகு வெளிச்சுவரில் தொங்கும் தாமிர வயரை அப்படியே விடாதீர்கள். கம்பத்திலிருந்து அது வீட்டுக்குள் வரும் இடத்தில் வெட்டி, உள்ளே இருக்கும் வயரிங்கிலிருந்து பிரித்துவிடச் சொல்லுங்கள். பேசாத லைனிலும் இடி இறங்கும்.